இருட்டாக நிற்கும் ஜன்னல்

பட்டாசு ஆலை வெடித்து ஓர் ஆள் செத்துப்போனால், அந்த இடம் எத்தனை நாளில் நிரம்பும்? சொல்ல முடியுமா உங்களால்?

விஸ்வநத்தம் மாடத்தி உட்கார்ந்திருந்த இடம் மூன்றே நாளில் நிரம்பியது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் சீசன் ஆர்டருக்காக ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் விதி என்றார் போர்மேன். ஆலை வாசலில் கிடா வெட்டினார்கள். தப்பி ஓடுவதற்கென்று வைத்த நான்காவது கதவு முன்பு போலவே பூட்டிக் கிடந்தது.

மாடத்தியின் மகள் மாரிசெல்விக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர் கட்டும் பழைய கணினி விளையாட்டு ஒன்றை விளையாடுவாள். சாலை போடலாம், வீடு கட்டலாம், ஆலை வைக்கலாம். அதை உருவாக்கிய கம்பெனி எப்போதோ அதைக் கைகழுவிவிட்டது. பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அதை இயக்கும் நிரலைப் புதிதாக எழுதி, யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். அவ்வப்போது புதிய பதிப்பு வரும்.

"ஏளா, நம்ம தெருவுக்குத் தண்ணிக் குழாயே வரல. நீ அங்கன ஊரே கட்டிட்டியா?" என்பார் மெஷின்மேன் உக்கிரபாண்டி.

"உங்களுக்கும் ஒரு வீடு போட்டிருக்கேன் அண்ணாச்சி, கொளத்துக் கரையில."

"கொசு எம்புட்டு இருக்கும்?"

ஒருநாள் அந்த ஊரில் ஆலை தீப்பிடித்தது. மக்கள்தொகையில் ஐம்பது குறைந்தது. சில வீட்டு ஜன்னல்களில் விளக்கு அணைந்தது. அடுத்த மாதமே புது ஆட்கள் குடியேற, அத்தனை விளக்கும் பளிச்சென்று எரிந்தன. மாரிசெல்வி தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டாள். வீட்டுக் கொடியில் அம்மாவின் சேலை இன்னும் கிடந்தது. அதை மடித்து வைக்க யாருக்கும் கை வரவில்லை.

செத்தவர் வீட்டில் ஒரு ஜன்னல் என்றைக்கும் இருட்டாகவே இருக்க வேண்டும். அந்த விளையாட்டில் அவள் செய்ய நினைத்த மாற்றம் அவ்வளவுதான். எழுதி முடிக்க நான்கு மாதமானது. எங்கெங்கோ இருந்து விளையாடுகிறவர்கள் அந்த ஜன்னலை ஒரு தடவையாவது பார்க்க மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு அந்த ஆர்வலர்களுக்கு அனுப்பிவிட்டு, தினமும் மெயில் பார்த்தாள்.

"என்னளா, மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசியா?"

"எங்க அம்மா விசயம் அண்ணாச்சி."

அதன் பிறகு காலையில் வந்ததும் உக்கிரபாண்டியே கேட்க ஆரம்பித்தார்: "பதில் வந்துச்சாளா?"

2007 அக்டோபரில், தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்தபோது வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் பொழுதுபோக்க வருகிறவர்களை இது வருத்தும், புதிய பதிப்பில் அணைத்தே வைத்துச் சேர்க்கிறோம், வேண்டுகிறவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

வருத்துமாம். வெடி வெடிக்கிறவர்களை வருத்தக் கூடாது என்றுதானே இங்கேயும் செத்தவர்களைப் பத்திரிகையில் எண்ணிக்கையாக மட்டும் அச்சடிக்கிறார்கள்!

மாரிசெல்வி புதிய பதிப்பை இறக்கி, தன் மாற்றத்தைப் போட்டுக்கொண்டாள். ஊர் கட்டினாள். ஆலை எரிந்தது. விளையாட்டில் மாதங்கள் ஓடின. செத்தவர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னல் மட்டும் இருட்டாகவே நின்றது. ஒன்றின்மேல் விரலை வைத்தாள். திரை வெதுவெதுவென்று இருந்தது.

அந்தப் பதிப்பு உங்கள் கணினியிலும் இருக்கலாம். இருந்தால், அமைப்புகளில் கடைசி வரிக்குப் போங்கள். சின்னக் கட்டம் ஒன்று காலியாக இருக்கும். அதில் ஒரு டிக் போடுங்கள்.