பதினொரு உபாதைகளும் ஓர் இடது முழங்காலும்

1972 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. நாலு நாற்பதுக்கு எழுந்தேன். பல் விளக்கி, கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காபி போட்டு, இடது காலை முக்காலியில் நீட்டி வைத்துக் குடித்தேன். ஐந்து ஏழுக்கு அன்றைய முதல் அனல். நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து வழியாக நெற்றிக்கு ஏறி, மூன்று நிமிடத்தில் இறங்கியது. குளித்தது வீண். நேரத்தை டைரியில் எழுதினேன். காய்ச்சல் அட்டையில் மணிக்கு மணி குறித்துப் பழகிய கை சும்மா இருக்காது. முன்பு நோயாளிகளுக்குக் குறித்தது, இப்போது எனக்கு.

அப்போது எனக்கு ஐம்பது வயது. தீட்டு நின்று பதினாலு மாதம். காரைக்குடி செக்காலையில் தங்கை வீட்டு மாடி அறையில் இருந்தேன். யுத்த காலத்தில் ராணுவ நர்ஸாக அஸ்ஸாம் மலைப்பக்கம் போனவள் நான். ஆம்புலன்ஸ் லாரி ஒன்று சரிவில் கவிழ்ந்து இடது முழங்கால் நசுங்கியது. அந்தக் காலுக்காக ஊனப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்துதான் என் சாப்பாட்டுச் செலவை மாதா மாதம் தங்கை கையில் கொடுத்துவந்தேன். அவள் வாங்க மாட்டேன் என்பாள், நான் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வருவேன். அந்தப் பென்ஷன் இருந்தவரை அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை.

சில வருடங்களுக்கு ஒரு முறை மருத்துவ வாரியத்தின் முன்னால் போய்க் காலைக் காட்ட வேண்டும். இந்த முறை அன்றைக்குத் திருச்சியில், பதினோரு மணிக்கு என்று கடிதம். கூடவே ஒரு படிவம் வந்திருந்தது. ‘தற்போதைய உபாதைகள் அனைத்தையும் எழுதவும்’ என்று ஒரு கேள்வி. அனைத்தையும் என்று கேட்டால் அனைத்தையும்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறவள் நான். டைரியை மூன்று மாதத்துக்குப் புரட்டி, எது அதிக தடவை வந்ததோ அது முதலில் என்ற முறையில் வரிசைப்படுத்தினேன். மொத்தம் பதினொன்று வந்தது. அனல் முதலிடம். முழங்கால் மடங்காதது பத்து, சாயங்காலம் வீங்குவது பதினொன்று.

ஆறு இருபது வண்டியில் தங்கையும் கூட வந்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, தீட்டு நின்று ஒரு வருடம். ஒரே வீடு, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அனல். ஆளுக்கொரு பனையோலை விசிறி எடுத்துக்கொண்டோம். புதுக்கோட்டை தாண்டியதும் படிவத்தை வாங்கிப் படித்தாள்.

“ஏக்கா, பதினொண்ணா! கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்புறவுக கூட இம்புட்டு நீளமாப் பட்டியல் போட மாட்டாக.”

“அனைத்தையும்னு கேட்டிருக்காக.”

“அதுக்காக? ‘காரணமில்லாமல் கோபம், தினம் சராசரி நான்கு தடவை’. இதையுமா பட்டாளத்துக்கு எழுதுவாக?”

“நாலுதான் வருது.”

“நேத்து மட்டும் ஏழு. நான் எண்ணுனேன்.”

“ரெண்டு உன்மேல வந்தது. அதுக்குக் காரணம் இருந்துச்சு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் அவளுக்கு அனல் ஏறியது. அவளைப் பார்த்து எனக்கும் ஏறியது. இரண்டு விசிறிகளும் ஒரே நேரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டன. எதிர் ஆசனத்துப் பெரியவர், “என்னம்மா, ரெண்டு பேருக்கும் காச்சலா?” என்று கேட்டுவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“காச்சல் இல்லைங்கய்யா, வயசு” என்றாள் தங்கை.

“வயசு எனக்குந்தான் ஆகுது. நான் விசிறலையே?”

“நீங்க குடுத்துவச்சவுக.”

திருச்சி சேரும் வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாரியத்துக்குப் போகும் நாளில் இப்படிச் சிரிப்பது சரியில்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் நான்தான் முதலில் மறுபடி ஆரம்பித்தேன்.

வாரியம் கூடிய கட்டடத்தின் தாழ்வாரத்தில் முப்பது பேராவது இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் விதவைகளுக்கான காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். “வீட்டுக்காரர் நம்பர் என்னம்மா?”

“வீட்டுக்காரர் கெடையாது. நம்பர் என்னுது. காலும் என்னுது.”

அவர் கடிதத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். தங்கை கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே இரண்டு பேர். நடுமேசையில் நரைத்த மீசைக் கர்னல் ஒருவர் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் கேப்டன், சின்ன வயசு டாக்டர். என் படிவத்தைக் கேப்டன்தான் படித்தார். முதல் வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறாவது வரி வரும்போது தலையாட்டத் தொடங்கினார். ஒன்பதாவது வரியில் நிறுத்தி, பேனாவைத் திறந்தார்.

“அம்மா, இதெல்லாம் மெனோபாஸ். உங்க வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்.”

“தெரியும் சார். நான் நர்ஸ்.”

“அப்ப மூட்டு வலியும் அதுல சேர்ந்ததுதான்னு தெரிஞ்சிருக்கணுமே. அடிபட்டது ஆறியாச்சு. கோப்புல உள்ள எக்ஸ்ரேயில இருக்கறது வயசுத் தேய்மானம். பட்டாளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

அவர் அதை எழுதிவிட்டால் பென்ஷன் அன்றோடு சரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, கடைசியில் ஒன்பது உபாதைகளுக்குப் பின்னால் நானே அதை ஒளித்துவைத்திருக்கிறேன். ஒழுங்காக எழுதியதுதான் குற்றம். முழங்காலை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

“மெனோபாஸ் இடது முட்டிக்கு மட்டும் வருமா சார்?”

“சிலருக்கு ஒரு பக்கம் அதிகமா இருக்கும்.”

“எனக்கு இருபத்திரண்டு வயசிலயே வந்திருச்சே?”

கர்னலின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேப்டன் பேனாவைத் தாளில் வைத்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு அனல் ஏறியது. பதினொன்று ஐம்பத்தாறு. அன்றைக்கு ஆறாவது. முகம் சிவந்து, வியர்வை காதோரம் வழிந்தது. கேப்டன் பயந்துபோய், “யாரங்கே, தண்ணி!” என்று கத்தினார். தண்ணீருக்கு முன்னால் தங்கை வந்துவிட்டாள், விசிறியோடு.

“ஒண்ணுமில்ல சார், மூணு நிமிசத்துல எறங்கிரும்” என்று எனக்கு விசிறினாள். விசிறிக்கொண்டிருந்தவளுக்கும் ஏறியது. “அய்யோ, எனக்கும் வந்திருச்சு” என்று விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள்.

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். “இவங்க யாரு?”

“தங்கச்சி சார்” என்றேன்.

“இவங்களும் பட்டாளமா?”

“நான் அடுப்படி சார்” என்றாள் தங்கை. “அக்கா எழுதுன பதினொண்ணுல ஒம்பது எனக்கும் இருக்கு. அச்சு மாறாம. ஆனா கடைசி ரெண்டு கெடையாது. நான் குத்தவச்சு உக்காந்து எந்திரிப்பேன். பாக்குறீகளா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கண்டாங்கிச் சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டுக்கல் முன்னால் உட்காருகிற மாதிரி அப்படியே இறங்கி உட்கார்ந்தாள், எழுந்தாள். “ஒண்ணு.” மறுபடி இறங்கினாள். “ரெண்டு.” கதவருகே குமாஸ்தா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்து ஆட்கள். பத்தாவது வந்தபோது கர்னல், “போதும்மா, நம்பிட்டேன்” என்றார்.

“இருங்க சார், இன்னும் கொஞ்சம் பாருங்க. அப்புறம் பத்தோட நின்னுட்டான்னு எழுதீருவீக.”

இருபத்திரண்டு வரை போனாள். தாழ்வாரத்தில் யாரோ கை தட்டினார்கள்.

கர்னல் என் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், நீங்க?”

என்னை சிஸ்டர் என்று ஒருவர் கூப்பிட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதி தூரத்தில் முழங்கால் ‘டக்’ என்றது. அறை முழுக்கக் கேட்டது. இடது கால் பலகை மாதிரி நேரே நீண்டுகொள்ள, நான் தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கர்னல் ஒரு கை, தங்கை ஒரு கை பிடித்துத் தூக்கினார்கள். தூக்கும்போது தங்கைக்கு மறுபடி சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததில் பிடி நழுவி நான் இரண்டாம் முறை உட்கார்ந்தேன். இந்த முறை கர்னலும் சிரித்துவிட்டார்.

நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கேப்டன் மண்டியிட்டு என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். தேய்மானம் வயசால் வந்ததா, அடியால் வந்ததா என்று மடக்கி, நீட்டி, வலது காலோடு வைத்துப் பார்த்தார். “எப்படி அடிபட்டது?” என்று கேட்டார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“லாரி கவிழ்ந்தப்ப ஸ்ட்ரெச்சர் சட்டம் முட்டிமேல விழுந்துச்சு. கையில அடிபட்ட ஒரு பையனுக்கு ரத்தம் ஏத்துற பாட்டில். அதை விட்டா உடைஞ்சிரும்னு காலை எடுக்கலை.”

“பாட்டில்?”

“உடையலை சார்.”

கர்னல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் அடைப்புக்குறி போட்டு, வயது என்று எழுதினார். பத்துக்கும் பதினொன்றுக்கும் எதிரே, யுத்தப் பணியில் ஏற்பட்டது, நிரந்தரம், இனி மறுபரிசோதனை தேவையில்லை என்று எழுதிக் கேப்டனிடம் நீட்டினார். கேப்டன் படித்துப் பார்த்துத் தன் கையெழுத்தையும் போட்டார்.

“அந்த ஒன்பதுக்கு எங்க போறது சார்?” என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை. பட்டாளத்தில் வேலை பார்த்த பெண்கள் என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர். அவர்களுக்கும் ஐம்பது வயது ஆகிக்கொண்டுதானே இருக்கும்?

கர்னல் யோசித்தார். “அதுக்கு வாரியம் எதுவும் இல்லையே, சிஸ்டர். யாரும் நெனச்சுப் பார்க்கலை.”

“இருந்தா நானும் ஒரு படிவம் போட்டிருப்பேன்” என்றாள் தங்கை.

வெளியே வரும்போது கர்னல் எழுந்து கதவு வரை வந்தார். குமாஸ்தா காதில் விழாத குரலில், “இந்த ராத்திரி போர்வையைத் தூக்கி எறியறது எத்தனாவது?” என்று கேட்டார்.

“மூணாவது சார்.”

“அப்ப அது எம்மேல கோபமில்லையா?”

“இல்லை சார். கோபம் ஆறாவது.”

அவர் ரொம்ப நேரம் தலையாட்டினார். அவர் மனைவிக்காக வீட்டில் ஃபேனை முழு வேகத்தில் வைக்கச் சொன்னேன். அவருக்குக் குளிரெடுத்தால் அவர் தனிப் போர்வை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

மாலை வண்டியில் இரண்டு இருக்கை காலியாகக் கிடைத்தது. தங்கை காலை நீட்டிக்கொண்டு, “அக்கா, நிரந்தரம்னு எழுதீட்டாகல்ல?” என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆமாம் என்றேன். செட்டிநாடு ஸ்டேஷனில் அவள் கேட்க மறந்தபோது நானாகவே சொன்னேன். காரைக்குடியில் இறங்கியபோது ஏழு ஐம்பது. ரிக்‌ஷாவில் ஏற அவள் கொஞ்சம் தயங்கினாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை நாலு நாற்பதுக்குக் கீழேயிருந்து, “அக்கா, காலைத் தூக்க முடியலைக்கா, தொடை ரெண்டும் கல்லாப் போச்சு” என்று குரல் வந்தது. பல் விளக்குவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்து, உப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சி, அவளை மல்லாந்து படுக்கச் சொல்லி, முதலில் வலது தொடைக்கு ஒத்தடம் கொடுத்தேன்.