தட்டச்சுப் பிழை அல்ல

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில், நெசவாளர் சங்கங்களுக்குச் சாயத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஒரு சிறிய நிலையத்தில் தட்டச்சராக இருந்தேன். என்னையும் சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரையும் எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கும் என்னைப் பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது அதை மென்மையாக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சூப்பிரண்டென்ட் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர். எந்தக் காகிதமும் தன் மேஜையில் தங்கிவிடக் கூடாது என்பதே அவர் கவலை. டெக்னிகல் அசிஸ்டென்ட் சென்னையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவர். அவருடைய குடும்பத்துக்கு எங்கள் தென்னேரி ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. என் அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். இது ஆபீசில் யாரும் பேசாத விஷயம். ஆனால் அவர் காகிதத்தை என் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை, மேஜையில் போடுவார். மூன்றாமவர் சாய மேஸ்திரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தன் அளவுகளை எழுதி வைப்பதே திருட்டுக்குச் சமம் என்று நினைத்தவர்.

இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு கையேடு தயாரிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பட்டில் பசை எடுப்பது, சாயம் ஏற்றுவது, அலசுவது எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். மேஸ்திரி சொல்ல வேண்டும், அசிஸ்டென்ட் எழுத வேண்டும், நான் அடிக்க வேண்டும்.

முதல் சண்டை அடிக்கோட்டில் தொடங்கியது. அசிஸ்டென்ட் தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டு எழுதுவார். மேஸ்திரி அதே தாளை வாங்கிப் படித்து, ஆபத்தான இடங்களுக்கு அடிக்கோடு போடுவார். 'கொதிக்க விடாதே' என்பது தலைப்பா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இருவருமே என்னை முட்டாள் என்பது போலப் பார்ப்பார்கள். அதோடு, ஸ்டென்சிலில் அடிக்கோடு அடித்தால் மெழுகுத் தாள் அந்தக் கோட்டிலேயே கிழியும். சொன்னேன். இங்கிலீஷ் புத்தகம் எதுவும் அடிக்கோடு இல்லாமல் வருவதில்லை என்றார் அசிஸ்டென்ட். அவர் சொன்னபடியே ஒரு பக்கம் ஸ்டென்சில் வெட்டி, பிரதி ஓட்டும் சைக்ளோஸ்டைல் உருளையில் மாட்டினேன். ஏழெட்டுத் தாள் ஓடியதும் தலைப்பின் கீழே தாள் பிளந்து மை வழிந்தது. நான் விசையை ஓங்கிக் குத்துவதால்தான் என்றார்.

தலைப்பென்றால் வரியின் முன்னால் ஒரு நட்சத்திரம், எச்சரிக்கை என்றால் இரண்டு, அளவுகளை மட்டும் தனி வரியில், இப்படி நானே ஒரு முறை வகுத்தேன். ஸ்டென்சில் வீணாகாது என்ற ஒரே காரணத்துக்காக சூப்பிரண்டென்ட் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது சண்டை பெரியது. கார்பன் வைத்து மூன்று பிரதி எடுப்பேன், ஆளுக்கொன்று. ஆளாளுக்குத் தம் பிரதியில் திருத்துவார்கள். மாதக் கடைசியில் மூவரும் உட்கார்ந்து படித்தால் ஒரே பக்கம் மூன்று விதமாக இருக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருடைய பிரதி ஜெயிக்கும்.

ஒரு நாள் அரைத்தாளில் எழுதிக் கொண்டுபோய் சூப்பிரண்டென்ட் முன் வைத்தேன். மூலப் பிரதி ஒன்றே ஒன்று, அது என் அலமாரியில் பூட்டில் இருக்கும். திருத்த விரும்புகிறவர் ஒரு சீட்டில் பக்கம், வரி, பழைய வார்த்தை, புதிய வார்த்தை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாற்றிய பழைய பக்கத்தைக் கிழித்துப் போடாமல் வேறு ஃபைலில் வைப்பேன். ஸ்டென்சில் வெட்டியதும் ஒரு தாள் ஓட்டி சூப்பிரண்டென்ட்டிடம் இனிஷியல் வாங்குவேன்.

"டைப்பிஸ்ட் எனக்கு ரூல் போடத்தான் நான் காலேஜ்ல படிச்சிட்டு வந்தனா?" என்று அசிஸ்டென்ட் என்னிடம் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார். மேஸ்திரிக்கும் கோபம், வேறு காரணத்துக்காக. தன் கையெழுத்தோடு அளவு எழுதித் தந்தால் நாளைக்கு எவனாவது தப்பாகக் காய்ச்சிவிட்டுத் தன் பெயரைச் சொல்வான் என்றார். அதற்காகத்தான் கையெழுத்து என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஆனால் சீட்டு எழுதினார். அசிஸ்டென்ட்டும் எழுதினார், ஒவ்வொரு சீட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு.

கையேடு முடியும் தறுவாயில் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவில் போனேன். அலமாரிச் சாவியை சூப்பிரண்டென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது பிரதிகள் ஓடி, தைத்து, சங்கங்களுக்குப் போய்விட்டிருந்தன. நான் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது என்று அசிஸ்டென்ட் சொன்னார். அதில் ஒரு திருப்தி தெரிந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு முற்பகலில் நெசவாளி ஒருவர் நேராக உள்ளே வந்தார். கையில் ஒரு பிடி பாவு இழை, தறியில் நீளவாக்கில் ஓடுவது. என் மேஜையில் வைத்து, இரண்டு விரலால் ஒரு இழையை இழுத்தார். சத்தமே இல்லாமல் அறுந்தது. பட்டு அப்படி அறாது. மினுமினுப்பும் இல்லை; பழைய பஞ்சு மாதிரி இருந்தது.

"உங்க புக்கப் பாத்துதான் சங்கத்துல பசை எடுத்தாங்க. தறியில ஏத்தினா முழத்துக்கு முழம் அறுந்துக்கினு இருக்குது. இன்னாம்மா எழுதி வச்சிக்கிறீங்க?" என்றார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கையேட்டைப் பிரித்தேன். பசை எடுக்கும் பக்கத்தில், ஒரு கிலோ பட்டுக்கு சோடா அறுபது கிராம் என்று இருந்தது. என் மூலப் பிரதியில் இருபது. சோடா கூடினால் பசையோடு பட்டையும் அரித்துவிடும். ஸ்டென்சிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். '20'இல் இரண்டு இருந்த இடத்தில் திருத்தும் மெழுகு பூசி, அதன்மேல் எழுத்தாணியால் ஆறு கீறியிருந்தது. கையால் போட்ட ஆறு, பக்கத்து எழுத்துகளைவிடக் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

அசிஸ்டென்ட் மறுக்கவில்லை. இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, சோப்பைத் தின்றுவிடும், அதனால் சோடாவைக் கூட்டினேன் என்று விளக்கினார். மேஸ்திரி கேட்டுவிட்டு, "நா சொன்னது இருபது. என் சீட்டு இருக்குது, பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். தன் பெயர் சுத்தமாக இருந்தால் அவருக்குப் போதும்.

சூப்பிரண்டென்ட் அன்று மதியமே ஒரு திருத்தச் சீட்டைத் தன் கையால் எழுதி என்னிடம் தந்தார். 'தட்டச்சுப் பிழை. அறுபது என்பதை இருபது என்று திருத்தி வாசிக்கவும்.' உடனே அடித்து எல்லாச் சங்கத்துக்கும் அனுப்பச் சொன்னார்.

நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"சார், இத நான் அடிக்க மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டெக்னிகல் மிஸ்டேக்குன்னு போட்டா மேல இருந்து என்கொயரி வரும்மா. டைப்பிங் மிஸ்டேக்குன்னா யாரும் கேக்க மாட்டாங்க. உனக்கு இதுல இன்னா நஷ்டம்?"

நான் லீவுக்கு முன்னால் ஓட்டி எடுத்த சோதனைத் தாளைக் கொண்டுவந்து வைத்தேன். அதில் இருபது என்று இருந்தது. ஓரத்தில் அவருடைய இனிஷியலும் தேதியும். அவர் அதைத் தொடவில்லை.

"என் பேரச் சொல்லலன்னாலும், இந்த ஆபீஸ்ல அடிக்கிறது நான் ஒருத்திதான் சார். ஊருக்கே தெரியும்."

வேலை போய்விடும் என்ற பயம் நிஜமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நான் இப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வேறொரு சங்கத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்து யாராவது கொப்பரையில் சோடா போட்டுக்கொண்டிருக்கலாம். அதைத் தாங்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் நடக்க முடிந்த தூரத்தில் இருந்த சங்கங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். கையேட்டை வாங்கி, அறுபதைக் கோடிட்டு அடித்து, இருபது என்று எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தும் போட்டேன். யார் மாற்றியது என்று கேட்டார்கள். அசிஸ்டென்ட் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அதை அவரிடமே கேளுங்கள் என்றேன். மறுநாள் சின்ன காஞ்சிபுரம். வெளியூர்ச் சங்கங்களுக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என் மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, அனுமதியில்லாமல் ஆபீசை விட்டுப் போனதற்கும் மேலதிகாரியின் உத்தரவை மறுத்ததற்கும் விளக்கம் கேட்டு மெமோ. மற்றொன்று, புதிய திருத்தச் சீட்டு: 'சோடாவின் அளவு தவறாக மாற்றப்பட்டது. இருபது என்பதே சரி.' தட்டச்சுப் பிழை என்ற சொல் இல்லை. விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு வேலையும் இல்லை. மாற்றியவர் கையெழுத்து வேண்டும் என்றேன். சூப்பிரண்டென்ட் சீட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டார். அவர் பேனா நிப் வளையும்படி கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அடித்தேன். மெமோவுக்கு, போனது உண்மை, மறுத்தது உண்மை என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அது என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறியது.

அறுந்த இழையைக் கொண்டுவந்த நெசவாளிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் விசாரித்தேன். அந்தப் பாவை அறுத்தெறிந்துவிட்டு வேறு பாவு வாங்கி ஏற்றினார் என்று சங்கத்தில் சொன்னார்கள். என்னை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கண்ணில் அந்த ஆபீஸ் முழுக்க ஒன்றுதான். அது தவறு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அதே அறையில் நானும் அசிஸ்டென்ட்டும் இன்னும் நான்கு வருஷம் வேலை செய்தோம். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. கையேடு மறுபடி அச்சானபோது மேலிடத்துக்கு என் அரைத்தாள் முறையை சூப்பிரண்டென்ட் தன் பெயரில் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தை அடித்ததும் நான்தான்.

வேறு ஊருக்கு மாற்றலாகிப் பல வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அசிஸ்டென்ட்டைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரே பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கி நான் நல்லதுக்குதான்மா மாத்தினேன். தண்ணிய நெனச்சி."

"தெரியும் சார். ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். மேஸ்திரி பாத்து வேணாம்னு சொல்லியிருப்பாரு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும், அவர் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.