வன்னியபெருமாளின் தலையைப் படம் எடுத்தது

கழுகுமலை வேல்சாமிக்கு மகள் ஒன்று, மகன் ஒன்று. மகள் மாரிசெல்வியை விளாத்திகுளத்துக்கு இந்தப்பக்கம் ஒரு கரிசல் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். இளையவன் வன்னியபெருமாள். ஆட்டுக்கிடை போட்ட வீட்டுப் பிள்ளைதான், ஆனால் ஆட்டுக்குப் பின்னால் அலைய அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. கிளீனராக ஏறி, டிரைவராகி, கோவில்பட்டி முகம்மது இஸ்மாயில் பாயின் பஸ்ஸை விளாத்திகுளத்துக்கு ஓட்டினான்.

தை மாசம் அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போனால் நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். மாடு கட்டி மிதிக்கிற வேலை மிச்சம். மற்ற டிரைவர்கள் வழியில் கிடந்தால் ஏற்றுவார்கள். வன்னியபெருமாளோ, அக்கா ஊர் வந்துவிட்டால் ஓரத்தில் கிடப்பதன் மேலும் ஒடித்துத் திருப்பி ஏற்றுவான். அக்கா களம் வந்தால் வண்டி தானாகத் திரும்புகிறதே என்று பஸ்ஸில் கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருசத் தையில், லேசாகத் தூறிய ஒரு காலையில், அக்காவின் உளுந்தின் மேல் ஏற்றியபோது எதிரே ஒரு மொபெட் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தான். ஈரச்செடியில் சக்கரம் வழுக்கி, பஸ் ஓடைக்குள் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த இசக்கிசெல்விக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

கேஸ் ஒருபக்கம் நடக்க, பாய் அவனை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கித் தன் வத்தல் கடையில் மூட்டை தைக்க உட்கார்த்தினார். "ஒம்மேல எனக்குக் கோவமில்லடே. சனம் நம்பி ஏறணும்லா" என்றார்.

அவனோ பழியை எல்லாம் மொபெட்காரன் மேலும் தூறல் மேலும் போட்டான். தன் கண்ணிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை என்று சாதித்தான். கோணியூசி கையில் இருக்கும். வலது கால் அதுபாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கே சங்கடமாக இருக்கும்.

பாயின் தம்பி மகள் ஆசிபா அப்போது மதுரையில் டாக்டருக்கு மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேன் மெஷினில் படம் எடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சியில் அவளும் இருந்தாள். அடிபட்ட வண்டியை ஓட்டியவர்கள், அப்படி ஒன்றும் நடக்காதவர்கள் என்று இரண்டு வகை டிரைவர்களையும் தேடினார்கள். வன்னியபெருமாள் விழுந்தடித்துக்கொண்டு போனான். தலை நன்றாக இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிட்டால் பாய் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கொடுத்துவிடுவார் என்று நினைப்பு.

அங்கே ஒரு பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து, தலைக்குக் கூடு மாட்டி, கண்ணுக்கு மேல் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடியில் ரோடு ஓடியது. நம் பக்கமே வந்து பஸ்ஸிலிருந்து பிடித்துப்போன படம். ஏதாவது குறுக்கே வந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும், அதுதான் பிரேக். தலை மட்டும் அசையக் கூடாது. மெஷின், தகரத்தில் சுத்தியல் போடுகிற மாதிரி அடித்தது. முதல் ஆடு குறுக்கே வந்ததுதான் தாமதம், விரலோடு காலும் எட்டி மிதிக்க, உடம்பே குலுங்கிப் படம் கெட்டது. "அண்ணாச்சி, அங்கன பிரேக் இல்ல. கால் சும்மா கெடக்கட்டும்" என்று ஆசிபா மைக்கில் சொல்லியும் கால் கேட்கவில்லை. கடைசியில் துணிப்பட்டை போட்டுக் கட்டித்தான் முடித்தார்கள்.

வெளியே வந்ததும், தலை நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுக்கச் சொன்னான். அப்படியெல்லாம் கொடுக்க முடியாது என்றாள் அவள். பல பேர் படத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியவரும், ஒருத்தர் நல்ல டிரைவரா இல்லையா என்று மெஷின் சொல்லாது என்றாள். அவன் முகம் விழுந்துவிட்டது. அதைப் பொறுக்காமல், பொத்தான் அமுக்கிய விவரத்தையாவது பாருங்கள் என்று கம்ப்யூட்டரைத் திருப்பினாள். ஆட்டுக்கும் சைக்கிளுக்கும் அவன் விரல் மற்றவர்களை முந்தியிருந்தது. உளுந்து கிடந்த இடத்தில் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. செடிக்கு நடுவே ஒரு பொம்பளை குனிந்து கிளறிக்கொண்டிருந்த இடத்திலும்தான்.

"அவங்கள நீங்க பாக்கலையா அண்ணாச்சி?"

"பாத்தேன் தாயி. வண்டி வந்தா அவிய ஒதுங்கிருவாவ. அது களம்லா, ரோடு இல்லையே."

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கோவில்பட்டிக்கு வந்தால், மெஷின் என்ன சொன்னது என்று பாய் கேட்கிறார். நன்றாக இருக்கிறதாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவி கைக்கு வந்திருக்கும். மனுசர் தோண்டித் துருவுகிற ஆள் இல்லை.

"மெஷின் ஒண்ணுஞ் சொல்லல மொதலாளி. என் கைதான் சொல்லிட்டு. உளுந்தக் கண்டா பிரேக்குக்கே போகமாட்டேங்கு. அன்னைக்கும் நாந்தான் வேணும்னு ஏத்துனேன்."

பாய் வத்தலை அளைந்துகொண்டே கேட்டார். "இனிமே ஏத்துவியா?"

"எங்கக்காளுக்குன்னாலும் ஏத்தமாட்டேன்."

கேஸ் ஒருவழியாக முடிந்ததும் சாவியைக் கொடுத்தார். முதல் வேலையாக அவன் அக்காவிடம் போய் இதைச் சொன்னான். "ஊரான்லாம் ஏத்துதான். கூடப்பொறந்தவன் நீ ஒதுங்கிப் போவியோலே? அதுக்குத்தான் மதுரைக்குப் போயி தலையப் படம் புடிச்சியாக்கும்" என்றாள் மாரிசெல்வி. அந்த வருசம் அவன் மகள் சடங்குக்கு அத்தைக்காரி எட்டிப்பார்க்கவில்லை. பெண்டாட்டி ரெங்கம்மாள் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் பயனில்லை.

அடுத்த தையும் வந்தது. அதே வளைவில் பஸ்ஸை நிறுத்தி ஆரன் அடித்தான். மாரிசெல்வி கம்பை ஊன்றிக்கொண்டு வேலிக்கருவைப் புதரைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் நின்ற லாரிக்காரன் வைதான். வன்னியபெருமாள் இறங்கிப் போய், பஸ் போகிற அகலத்துக்குச் செடியைக் கையால் அள்ளி ஓரமாய்ப் போட்டான். அவள் காலடியில் கிடந்ததை அள்ளக் குனிந்தபோது, அவள் ஓர் எட்டு விலகிக் கொடுத்தாள். அவன் ஏறி, மெதுவாக வண்டியை எடுத்தான்.