ஆடுகோடியில் அடைத்த காற்று

அந்தப் பெரியவர் பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "சிலிண்டருக்குக் காத்து அடைக்கிறவரு வீடு இதானே?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கடலில் இறந்துபோன பையனின் அப்பா அவர் என்பது சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் மீட்புக் குழுவில் இருந்தவர். புகை சூழ்ந்த சுரங்கத்துக்குள் காற்றுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி ஆட்களைத் தூக்கி வருவது அவர் வேலை. சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்தார். கடல் இல்லாத இந்த ஊரில் அப்போது ஸ்கூபா முக்குளிப்பு கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்று தொடங்கியிருந்தது. வைட்ஃபீல்ட் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு, வார இறுதியில் வேன் பிடித்து மேற்குக் கரைக்குப் போவார்கள். அவர்கள் கடலுக்கடியில் சுவாசிக்கும் காற்றை ஆடுகோடிப் பட்டறையில் கம்ப்ரசர் வைத்துச் சிலிண்டர்களில் அடைத்துக் கொடுத்தவர் மாமா. நான் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். இதில் நான் கண்டதும் உண்டு, மாமா சொல்லிக் கேட்டதும் உண்டு. ஊகம் எதையும் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் அப்படிப் போனவர்களில் ஒருவன் உயிரோடு மேலே வரவில்லை. வாயில் கவ்வும் குழாய் கழன்று கிடக்க, அடியில் மணல்மேல் கிடந்தானாம். சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருந்தது. சாமான்களோடு வேன் திரும்பி வருவதற்குள் காரணங்கள் ஊரெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மாரடைப்பு என்றார்கள், முந்தின இரவு குடித்திருப்பான் என்றார்கள், ஏதோ மீன் கொட்டியிருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். கடைசியில் எல்லோருக்கும் வசதியாக ஒன்று நிலைத்தது. பயந்துபோய்க் குழாயை அவனே பிடுங்கிவிட்டான்.

மாமாவுக்கு மட்டும் அது போதவில்லை. காற்று அடைத்த அன்று கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகை கம்ப்ரசருக்குள் போனால் சிலிண்டரில் இருப்பது விஷம், வாசனைகூடத் தெரியாது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாயை எப்போதும்போல ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கம்தான் திருப்பி வைத்தார். ஆனால் அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸ்கூபா நிறுவனத்தின் முதலாளி அந்தச் சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கழுவி வைக்கச் சொன்னார். மாமா அதன் வாயில் துணி சுற்றி அரக்கு வைத்தார். போலீஸில் ஒப்படைத்துப் பரிசோதிக்கச் சொல்லப்போகிறேன் என்றார்.

"யாராவது உங்களைக் கேட்டாங்களா? நீங்களா போயி எதுக்குக் கழுத்தை நீட்டுறீங்க?" என்று அக்கா பிடித்துக்கொண்டாள்.

"கேக்கலைன்னா உள்ள இருக்கிற காத்து சுத்தமாயிடுமாடி?"

"ஜெயிலுக்குப் போனா சோறு எடுத்துக்கிட்டு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"அங்கயே போடுவாங்க. உன் சமையலுக்கு அது தேவலாம்."

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் வேன் ஓட்டுநரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மாமா அந்தக் கடற்கரை ஊருக்கே போய்ச் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வரும்வரை வேறெந்தச் சிலிண்டருக்கும் அவர் காற்று அடைக்கவில்லை.

காற்றில் குற்றமில்லை என்று முடிவு வந்தது. அக்கா சாமி படத்தின் முன் உட்கார்ந்து அழுதாள். முதலாளி இனிப்போடு வந்தார். "அப்புறமென்ன, பையன் பயந்துட்டான். நீங்களும் அப்படியே ஸ்டேட்மென்ட் கொடுத்துடுங்க" என்றார். மாமா தலையாட்டவில்லை. "காத்து நல்லா இருந்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சார். செத்தவன் மேல பழி போடுறது சுலபம். எழுந்து வந்து இல்லேன்னு சொல்லமாட்டான்." சுரங்கத்தில் பாறை சரியும் ஒவ்வொரு முறையும் "அவன் கவனமா இல்ல" என்று முதலில் சொல்லப்பட்டதைக் கேட்டுக் கேட்டு மீட்புக் குழுக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேச்சாம் அது. அந்த மாதக் கடைசியோடு மாமாவின் வேலை போயிற்று.

இன்று இப்படி ஒரு விபத்துச் செய்தி வந்தால், உடல் கரை சேரும் முன்பே கைப்பேசியில் நூறு பேர் காரணம் எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம், தனக்குச் சாதகமாகக் கிடைத்த ஊகத்தை வேண்டாமென்ற ஒருவர் வீட்டில் நான் சோறு தின்றிருக்கிறேன் என்ற பெருமை எனக்கு வரும்.

முடிவு வந்த பிறகு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாமா எதிரே தரையில் உட்கார்ந்தார். பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. "எம் பையன் பயந்துட்டானா?"

"தெரியாது சார். நான் அங்க இல்ல. கூடப் போனவங்களும் அந்த நேரத்துல அவனைப் பாக்கலை. பாக்காதவங்க சொல்றதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

பெரியவர், "காத்தை டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு?" என்றார்.

மாமா தரையைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அக்காதான் பதில் சொன்னாள். "இவருதாங்க. நான் வேணாம்னு சண்டை போட்டேன். கேக்கலை."

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "பயந்துட்டானான்னு அவங்கம்மாவும் தினம் கேக்கறா," என்றார். "அது யாருக்கும் தெரியாதாம்னு போய்ச் சொல்றேன்."