ஹெல்மெட் போட்டுச் சோறு வைத்தவர்

காகம் சோறு எடுப்பதற்கும் செத்துப்போனவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பாண்டுரங்கனின் கட்சி. ஜமுனாமரத்தூரில் முனிசாமியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை அவர் பல முறை நிலைநாட்டியிருக்கிறார். காகத்துக்குப் பசி, இலையில் சோறு, விஷயம் முடிந்தது. அப்படிப்பட்டவர்தான் போன வருஷம் சித்திரைக்குப் பிறகு அமாவாசை தவறாமல் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று, மஞ்சள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "கா, கா" என்று கூவிக்கொண்டிருந்தார். ஒரு காகமும் வரவில்லை.

ஹெல்மெட்டுக்குக் காரணம் இருந்தது. பாண்டுரங்கன் படவேட்டுப் பக்கத்துக்காரர். கல்யாணமான கையோடு மலையேறி வந்து, வீடுகளுக்கு டிவி டிஷ் மாட்டித் தரும் தொழிலைப் பிடித்துக்கொண்டார். ஓடு, ஓலை, தகரம் என்று மலையில் அவர் ஏறாத கூரை இல்லை. வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் ஒயர் துண்டுகளை வீட்டு வாசலில் எறிவார். அவற்றை ஒரு காகச் சோடி பொறுக்கிக்கொண்டு போய், அவர் வீட்டு மாடியிலேயே, அவருடைய டிஷ்ஷின் முதுகில் கூடு கட்டியது. சுள்ளி பாதி, ஒயர் பாதி. காகங்கள் வந்து வந்து உட்கார்ந்ததில் டிஷ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் படம் காட்றீங்க. நம்ம வூட்ல சிக்னல் இல்லன்னு எழுத்துதான் ஓடுது" என்றாள் மனைவி ஜெயசுதா. முனிசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். "இன்னாப்பா பாண்டு, உன் வூட்டு டிஷ்ஷ சரி பண்ண கீழேர்ந்து ஆள் வருதாமே?"

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் போளூர் போய்விட்டுத் திரும்பியவர், வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறினார். கம்பால் ஒரே தள்ளு. கூடு காலி என்றுதான் நினைத்தார். இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் தரையில் வந்து விழுந்தன. ஜெயசுதா அவற்றைப் பிளாஸ்டிக் கூடையில் எடுத்து வைத்துக் கொய்யா மரத்தில் கட்டினாள். விடிந்தபோது இரண்டுமே இல்லை. டிஷ் சரியாகிவிட்டது, ஆனால் அன்றைக்கு அவர் டிவி போடவில்லை.

மறுநாளே போர் தொடங்கியது. வாசலில் கால் வைத்ததும் பின்னாலிருந்து மண்டையில் ஒரு அடி. நல்ல வேளை, வெளியே கிளம்புகிறவர் என்பதால் ஹெல்மெட் தலையில் இருந்தது. அதிலிருந்து அதை அவர் இறக்கவே இல்லை. காய்ந்த துணி எடுக்க ஹெல்மெட், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஹெல்மெட், பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகவும் ஹெல்மெட். வெறுந்தலையோடு வரும் பால்காரரைக் காகங்கள் தொடவில்லை. ஜெயசுதாவைத் தொடவில்லை. ஒரு முறை மச்சான் ராஜேஷ் அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பரோட்டா வாங்கக் கிளம்பினான். வாசலிலேயே இரண்டு அடி வாங்கினான். பகுத்தறிவாளர் இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"மச்சான்னு தெரிஞ்சிருக்கு பாரேன். உறவு மொற வரைக்கும் கண்டுபுடிச்சிடுச்சுங்க."

இவ்வளவும் சிரிப்போடு போயிருக்கும். போகவிடாதது அவருடைய அம்மாவின் சாவு.

கூடு கலைந்ததற்கு முந்தைய மார்கழியில்தான் அம்மா போனார், கலசப்பாக்கத்தில், அக்கா கன்னியம்மாள் வீட்டில். கடைசி நாட்களில் கிழவி மகன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மலைக்குளிர் நெஞ்சுக்கு ஆகாது, மாசி வாக்கில் வந்து கூட்டிப் போகிறேன் என்று பாண்டுரங்கன் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னதில் தப்பில்லை; குளிரும் உண்மைதான். ஆனால் அக்காவுக்கு அது போதவில்லை. அழுது சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவரோ அமாவாசைக்கு அமாவாசை போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"காக்கா எட்த்துச்சா?"

கூடு கலையும் வரை எடுத்தது. அதன்பிறகு இலை காய்ந்தது. பூனைதான் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அக்கா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று பாண்டுரங்கனுக்குத் தெரியும்: அம்மா மனசு ஆறவில்லை, மகன் கைச் சோறு வேண்டாம் என்கிறார். அதனால் "எட்த்துச்சுக்கா" என்று சொல்லி வந்தார். காகம் எடுப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று அடித்துப் பேசுகிறவர், காகம் எடுத்ததாகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முரண்பாட்டை அவர் டீக்கடைக்குக் கொண்டுபோகவில்லை.

வருஷத் தெவசத்துக்கு அக்கா மலையேறி வந்தார். இனி போனில் சமாளிக்க முடியாது. வாழைக்காய்ப் பொரியல், காராமணிக் குழம்பு, உளுந்து வடை, சாமைப் பாயசம் என்று எல்லாம் தயாரானது. காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. கன்னியம்மாள் சர்க்கரை நோயாளி. காலையிலேயே மாத்திரையும் போட்டிருந்தார்.

"ஒரு வாய் சாப்டுடுங்க அண்ணி" என்றாள் ஜெயசுதா.

"எங்கம்மா சாப்டட்டும். நான் சாப்டறேன்."

பாண்டுரங்கன் குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். ஒரு கையில் இலையைத் தூக்கினார். மறு கை பழக்கத்தில் ஆணிக்குப் போய் ஹெல்மெட்டை எடுத்தது.

"இன்னாடா இது?"

"இல்லக்கா... மேல காக்கா..."

"அம்மாவுக்குச் சோறு வைக்கப் போறியா, போளூர் சந்தைக்குப் போறியா? வை கீழ!"

"கொத்திடும்க்கா."

"கொத்தட்டுமே. கொத்து வாங்க வேண்டியவன்தானே நீ."

ஹெல்மெட்டை அக்கா பிடுங்கித் திண்டில் வைத்துவிட்டார். பாண்டுரங்கன் வெறுந்தலையோடு படியேறினார். பின்னால் அக்கா, அதற்குப் பின்னால் ஜெயசுதா. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி, "கா" என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது தொட்டி மேல் ஒரு காகம் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து அவரைப் பார்த்தது, பார்த்தேயிராத ஆளைப் பார்ப்பது போல. பிறகு சுவருக்கு இறங்கி, இரண்டு தத்து தத்தி, வடையைக் கவ்வியது. போய்விட்டுத் திரும்பவும் வந்தது, இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு. கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரம்.

கன்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எட்த்துக்கிச்சுடா. அம்மா எட்த்துக்கிச்சு."

பாண்டுரங்கனும் அழுதார். எதற்கு என்று கேட்டால் அவருடைய கட்சிக்குள் அதற்குப் பதில் கிடையாது.

மூவரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிட வண்டியை எடுத்தார். வாசலில் ஹெல்மெட்டை மாட்டினார். சடக்கென்று ஒரு நிழல், மண்டையில் அடி. சுற்றி வந்து இன்னொரு அடி.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காகங்கள் கொய்யா மரத்தில் அமர்ந்தன, கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துக் கரைந்துகொண்டு. அவர் முகத்தை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜெயசுதாவின் வாய் மெல்லத் திறந்தது. "இன்னாங்க, அப்போ இத்தினி நாளா..."

அவர் கண்ணால் அடக்கினார்.

"இது வேற காக்காடா" என்றார் அக்கா, மிகுந்த நிச்சயத்தோடு.

"ஆமாக்கா. வேற."

அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் அவருக்கு இனி கிடைக்கப்போவதில்லை. அந்த ஹெல்மெட்டை மனைவியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். முனிசாமிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அது எட்த்துக்கிச்சு, சரி. ஆனா ஒரு தபா நீ அம்மாவ கூட்டியாந்திருக்கலாம்டா. அந்த மாடில வெயில்ல உக்காந்திருக்கும்."

குளிர், நெஞ்சு, டாக்டர் சொன்னது என்று வழக்கமான பதில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அக்காவும் அவற்றுக்காகத்தான் காத்திருந்தார்.

"கூட்டியாந்திருக்கணும்க்கா" என்றார் பாண்டுரங்கன்.

அக்கா பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது சொன்னார். "பொங்கலுக்கு வந்துடு. அவளையும் இட்டுனு வா."