முடிவைச் சொன்னவன் எட்மண்டனுக்குப் போன கதை

ஜப்பானியத் துப்பறியும் நாவல்கள் வாங்க லண்டனில் எங்கே போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனேன். ஆனால் போனது புத்தகத்துக்காக அல்ல, மன்னிப்புக் கேட்க.

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர். என் அலுவலகத்தில் செக்யூரிட்டியாக இருந்தார். அவர் மேசையில் ஒரு ஜப்பானிய நாவலைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். இந்த வகை நாவல்கள் சிலவற்றில், கடைசி அத்தியாயத்துக்கு முன் ஆசிரியரே கதையை நிறுத்தி, "எல்லாத் துப்பும் கொடுத்துவிட்டேன், கொலையாளி யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று நம்மைச் சீண்டுவார். நாங்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கி அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுவோம். சனிக்கிழமை போனில் இருவரும் பெயர் சொன்ன பிறகே அடுத்த பக்கம். ஓய்வு பெற்று அவர் வீட்டில் இருந்தபோதும் இது தொடர்ந்தது.

எட்டு மாதத்துக்கு முன், ஒரு புத்தகத்தில் அண்ணை ஐந்து வாரமாக அந்தப் பக்கத்துக்கே வந்து சேரவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. திருட்டுத்தனமாக முடிவைப் படித்துவிட்டேன். ஆறாவது சனிக்கிழமையும் "இன்னும் வரேல்லை தம்பி" என்றார். எரிச்சலில், "டாக்டர்தாண்ணே கொன்னது, விடுங்க" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். பிறகு போனே இல்லை.

காலை 9.20க்கு ரெய்னர்ஸ் லேனில் பிக்கடில்லி லைன் ஏறினேன். மாறாமல் பிக்கடில்லி சர்க்கஸ், முக்கால் மணி நேரம். பக்கத்தில் ஒரு ஜப்பானியப் புத்தகக் கடை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் தனி அலமாரியில் இருக்கும். 9.99 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். கிரீன் பார்க்கில் விக்டோரியா லைன், செவன் சிஸ்டர்ஸில் ஓவர்கிரவுண்ட். எட்மண்டன் கிரீனில் இறங்கும்போது 11.50. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் உதவவில்லை.

அவர் மனைவி கதவைத் திறந்தார். "வாங்கோ தம்பி, இருங்கோ."

"அண்ணே" என்றேன். அண்ணை என் குரல் வந்த பக்கம் திரும்பினார். புத்தகத்தை நீட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி வாசிக்க ஏலாது தம்பி. நடுவிலை முழுக்கக் கறுப்பு. ஓரத்தாலை ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது."

"எப்பண்ணே இருந்து?"

"அந்தப் புத்தகம் தொடங்கேக்கையே போய்க்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வச்சு ஒரு நாளைக்கு நாலு பக்கம்."

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாவம் பாத்து வேணுமெண்டு தோத்திருப்பாய்."

மீதியைப் படித்தாரா என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லை. நாற்பது பக்கம் மிச்சம். என்ர கண்ணாலை வாசிக்கிற கடைசிப் புத்தகம் எண்டு தெரியும். ஆரெண்டு தெரிஞ்ச பிறகு என்னத்துக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் வந்து இதை வாசித்துக் காட்டட்டுமா என்றேன்.

"ஓம், வா. ஆனா முன்னுக்கு வாசிச்சுப்போட்டு வராதை."

என்னை இன்னும் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் உண்டு. புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலை பத்தரைக்கு முன் கடைக்குப் போனால் கூட்டம் குறைவு. முன்னுரையைப் படிக்காதீர்கள், சிலவற்றில் அங்கேயே குட்டு உடைந்துவிடும். எட்மண்டன் பக்கம் போவதானால், செவன் சிஸ்டர்ஸில் ரயில் மாற ஐந்து நிமிடம் நடை. இன்னொன்று. உங்களோடு சேர்ந்து வாசிப்பவர் தாமதித்தால், ஏன் என்று கேளுங்கள். ஆறு சனிக்கிழமை நான் அவரோடு பேசினேன். அதை மட்டும் கேட்கவில்லை.