சக்கரபாணியின் இடது கை

கித்தாரின் கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் சக்கரபாணி. டிக்கெட் உரசாமல் போய் வர வேண்டும், ஆடவும் கூடாது. உரசினால் கம்பி ரொம்பத் தாழ்வு, மீட்டினால் கரகரக்கும். ஆடினால் ரொம்ப உயரம், அழுத்துகிற விரல் செத்துப்போகும். கித்தாரின் வயிற்றில் ஒரு குழி வெட்டி, கம்பிகள் ஏறி உட்கார ஒரு எலும்புத் துண்டைச் செருகியிருப்பார்கள். அதற்குப் பேர் சேடில். அதைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத்தான் இந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும். "கம்மியாத் தேய்ச்சா மறுபடி தேய்க்கலாம். ஜாஸ்தி ஆயிட்டா வேற வாங்க மெட்ராஸுக்குத்தான் போவணும்" என்பார்.

பகலில் அவர் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். முகூர்த்த நாள் வந்தால் கல்யாண ரிசப்ஷனில் கித்தார்காரர். இடது கை நகத்தை ஒட்ட வெட்டி, வலது கை நகத்தை வளர்த்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கச்சேரி என்றால் வெள்ளிக்கிழமையே நகம் வெட்டுவார். மனைவி கஸ்தூரி தலையில் அடித்துக்கொள்வாள். பஸ்ஸைக் கிளப்ப விசில் ஊதும்போதுகூட இடது விரல்கள் சட்டைப் பொத்தான்மேல் எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும்.

கர்வமும் கொஞ்சம் உண்டு. "நான் வச்ச உயரம் நானா எடுக்குறவரைக்கும் அப்படியே நிக்கும்" என்பார். ஒருமுறை அளந்துவிட்டால் அடுத்த புதுக் கம்பி போடும்வரை மறுபடி அளக்க டிக்கெட்டைக் கையில் எடுக்கவே மாட்டார். அந்தக் கர்வம்தான் போன சரஸ்வதி பூஜையின்போது மனுஷனைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

பூஜைக்கு முந்தின நாள் சேடிலைத் தேய்த்து, அளந்து, எல்லாம் சரி பார்த்தாயிற்று. பிறகு கம்பியையும் சேடிலையும் கழற்றி, கித்தாரைத் துடைத்துச் சாமிக்கு முன்னால் சாத்தினார். விஜயதசமி காலையில் மேலே இருந்த சந்தனப் பொட்டுகளைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் அவசர அவசரமாக மாட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நிச்சயதார்த்தம். முதல் பாட்டிலேயே இடது கை மக்கர் பண்ணியது. ஆறு கம்பியையும் ஒரே விரலால் அமுக்குகிற இடத்தில் சுரம் வரவில்லை, தட்தட்டென்று கட்டைச் சத்தம்தான் வந்தது.

கித்தார்மேல் சந்தேகம் வருமா? அவர் அளந்து வைத்ததாயிற்றே! கைமேல்தான் வந்தது. இதே வயசில்தான் அவருடைய அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஐயோ, அப்புறம் சக்கரபாணி பட்ட அவஸ்தை! யாரும் பார்க்காதபோது இடது கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடிந்தது, பயம்தான் போகவில்லை. கஸ்தூரியிடம் மூச்சுவிடவில்லை. மெல்லிசைக் குழுவை நடத்துகிற ராமதாஸிடம் மட்டும், "ஞாயித்துக்கிழமை கீழ்பென்னாத்தூர் கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்கப்பா" என்றார்.

"இன்னாண்ணே, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லப்பா."

சனிக்கிழமை காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கையில் தெம்பு இல்லையென்றால் கம்பியையாவது இறக்கிப் பார்ப்போம், கரகரத்தாலும் கரகரக்கட்டும். கம்பிகளைத் தளர்த்தி, குறடால் சேடிலைப் பிடுங்கினார். அடியில் மஞ்சளாக என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. குழிக்குள் தீக்குச்சியை விட்டுக் குடைந்தார். காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமம் வேறு!

"கஸ்தூரி! இதுக்குள்ள இன்னா வச்ச?"

"சந்தனங்க. பூஜையன்னிக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அந்தக் குழி மட்டும் வெறிச்சுன்னு இருந்துச்சு. சாமிக்குக் கொற வைப்பானேன்னு நல்லா அப்பிவுட்டேன். ஏன், தப்பா?"

சக்கரபாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தனம் சேடிலைத் தூக்கியிருக்கிறது, சேடில் கம்பியைத் தூக்கியிருக்கிறது. கை பாட்டுக்குக் கல்லுக்குண்டாட்டம் இருந்திருக்கிறது. "என் கை போயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்டி" என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இத்தினி நாளா எங்கிட்ட சொல்லாம மனசுல வச்சிக்கினு இருந்தீங்களா? பொட்டெல்லாம் தொடைச்சீங்களே, குழிய ஒருக்கா பாக்கத் தெரியல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள் கஸ்தூரி.

குழியைச் சுரண்டி, சேடிலை உட்கார வைத்து, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். ஆறு கம்பியையும் ஒரே விரலால் அமுக்கி மீட்டினார். கணீரென்று வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். வேறு ஆள் வேண்டாம் என்று ராமதாஸிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கஸ்தூரி ஆவி பறக்கக் காபி கொண்டுவந்தாள். சக்கரபாணி இடது கையை நீட்டினார்.

"இன்னாங்க இது, பீச்சாங்கையால வாங்குறீங்க?"

அவர் டம்ளரை விரல்களால் இறுகப் பிடித்தார். "நல்லாச் சுடுதுடி" என்றார் சந்தோஷமாக. கை மாற்றாமலே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.